பேச்சும் மூச்சும் சேர்ந்து போகும் தூரம்

"மாஸ்டர், சைக்கிளில வெருகல் கோயிலுக்குப் போகலாமெண்டு யோசிக்கிறன். இந்த வயசில ஏலுமா?"

திருகோணமலை அனுராதபுரச் சந்திக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணை கேட்டார். அவருக்கு வயது 67. தபால் விநியோகித்து ஓய்வுபெற்றவர். முப்பது வருஷம் உப்புவெளியிலும் சாம்பல்தீவிலும் ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிள் மிதித்தவர். ஓய்வுக்குப் பிறகு மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார். சைக்கிள் பின் விறாந்தையில் தூசு பிடித்தது.

அதைத் திரும்பக் கீழே இறக்க வைத்தது 2022ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாடு. சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற எங்கள் ஊரிலும் ஆட்கள் இரவிரவாக வரிசையில் நின்றார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தபோது ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அந்த நாட்களில் ரயருக்குக் காற்றடித்துச் சந்தைக்குப் புறப்பட்டவர் அண்ணை. தட்டுப்பாடு தீர்ந்தும் சைக்கிளை அவர் விடவில்லை. சந்தை, கோயில், கிளினிக் என்று ஓடிய சைக்கிள் இப்போது வெருகலைக் கேட்கிறது.

வெருகல் இங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர். கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர் கடந்து, மாவட்டத்தின் தெற்கு எல்லையில் ஆற்றங்கரையில் இருக்கிற சித்திரவேலாயுதர் கோயில். "ஏலும்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லி அனுப்பினால் ஆசையோடு போகிறவர் பாதிவழியில் முழங்கால் நோவோடு பஸ் ஏறித் திரும்புவார். பிறகு சைக்கிளைத் தொடமாட்டார். அறுபதைத் தாண்டிய பலருக்கும் உள்ளூர இருக்கிற கேள்வி இது. அதனால் அன்று இரண்டு தேத்தண்ணி குடித்து முடியும்வரை அவருக்குச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் வேகத்தைப் பற்றிப் பேசுவோம். நெடுந்தூரச் சைக்கிள் என்றதும் நம் மனதில் வருவது ரிவியில் பார்க்கிற பந்தயம்: குனிந்த முதுகு, பறக்கிற கூட்டம். உலகத்தில் நெடுந்தூரம் மிதிக்கிற பெரும்பாலானோர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல. பிரான்சில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று இருக்கிறது. 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. முதலாவது, இரண்டாவது என்று அதில் பரிசு இல்லை. 90 மணித்தியாலத்துக்குள் முடித்தால் முடித்தவர் எல்லாரும் சமம். இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் போய்வருகிறார்கள். அதற்குத் தகுதிபெற நடக்கும் சிறிய ஓட்டங்களைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள சங்கங்கள் நடத்துகின்றன.

அந்தச் சிறிய ஓட்டங்களில் முதற்படி 200 கிலோமீற்றர். அதற்குக் கொடுக்கிற நேரம் பதின்மூன்றரை மணித்தியாலம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தேத்தண்ணி குடிக்கிற நேரம், ரியூப் மாற்றுகிற நேரம், மரநிழலில் முதுகை நிமிர்த்துகிற நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம். கடிதப் பையோடு அண்ணை ஓடிய வேகமும் ஏறக்குறைய அதுதான். உலகம் ஒப்புக்கொண்ட நெடுந்தூர வேகம் நம் ஊர்த் தபாற்காரரின் வேகம் என்று சொன்னபோது அவர் கிளாசை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏன் 15? ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள். பஸ் மெதுவாகப் போகும்போது காற்று கையைத் தடவும். வேகமெடுத்தால் பின்னால் தள்ளும். சமதரையில் சைக்கிள்காரருக்குப் பெரிய எதிரி இந்தக் காற்றுத்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை அந்த வேகத்தில் வெல்ல வேண்டிய வலு எட்டு மடங்காகும். 15இலிருந்து 20க்கு ஏற்றினாலே காற்றுக்குக் கொடுக்க வேண்டிய வலு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். வெருகலுக்குப் போக அதனால் மிச்சமாவது ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக உடம்பு கொடுக்கிற விலை மிக அதிகம். இளவயதில் அந்தக் கடனைத் தூக்கத்தில் அடைத்துவிடலாம். அறுபதுக்கு மேல் அதை அடைக்க இரண்டு மூன்று நாள் வேண்டும்.

மணிக்கு 15 என்பதைக் கண்டுபிடிக்க மீற்றர் பூட்டத் தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். வசனத்தின் நடுவில் மூச்சு வாங்க நிற்க வேண்டி வந்தால் வேகம் கூடிவிட்டது. தனியாகப் போகிறவர் ஒரு தேவாரத்தை முணுமுணுத்துப் பார்க்கலாம். பேச்சும் மூச்சும் சேர்ந்து போகிற வேகம் எதுவோ, அதுவே உங்கள் நெடுந்தூர வேகம். காற்று எதிர்த்தால் அது 12 ஆகும், துணைக்கு வந்தால் 18 ஆகும். இலக்கம் மாறட்டும், மூச்சு மாறாமல் இருக்கட்டும்.

இந்த வேகத்துக்கு உடம்புக்குள்ளேயும் ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில் பெட்டகத்து நெல்லும் உண்டு, மடியில் கட்டிய சில்லறையும் உண்டு. உடம்பிலும் அப்படி இரண்டு கையிருப்புகள். கொழுப்பு பெட்டகத்து நெல். மெலிந்தவரிடத்திலும் நாட்கணக்கில் ஓடக்கூடிய அளவு இருக்கும். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரை சில்லறைக்காசு. பெரியவர் ஒருவரிடம் சுமார் 400 முதல் 500 கிராம் வரைதான். மூச்சு வாங்கும்படி மிதித்தால் உடம்பு சில்லறையை அள்ளிச் செலவழிக்கும். ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் மடி காலியாகும். அப்போது கால் கல்லாகும், கண் இருட்டும். பேசிக்கொண்டு மிதிக்கிற வேகத்தில் நெல்லே பெரும்பங்கைக் கொடுக்கும். சில்லறை மெல்லக் கரையும்.

வயதும் இந்தக் கணக்குக்கு ஒத்தாசை செய்கிறது. தசையில் இருவகை நார்கள் உண்டு. பாய்ந்து ஓடவும் சட்டென்று தூக்கவும் உதவுகிற வேக நார்கள் ஒருவகை. மெதுவாக ஆனால் நெடுநேரம் உழைக்கிற நார்கள் மற்றவகை. வயதாக ஆக முதலில் மெலிவது வேக நார்தான். அதனால்தான் 67 வயதில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது கஷ்டம். ஆனால் வயலில் நாள் முழுக்க நிற்பது பழகியவருக்குக் கஷ்டமில்லை. வேகத்தைவிட மெதுவாகக் குறைவது நின்று பிடிக்கிற தன்மை. நெடுந்தூரச் சைக்கிள் கேட்பதும் அதைத்தான்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 55 முதல் 79 வயது வரையான 125 சைக்கிள்காரர்களைப் பரிசோதித்தார்கள். 84 ஆண்கள், 41 பெண்கள். ஆராய்ச்சியில் சேர ஒரு நிபந்தனை: ஆண்கள் 100 கிலோமீற்றரை ஆறரை மணித்தியாலத்துக்குள்ளும் பெண்கள் 60 கிலோமீற்றரை ஐந்தரை மணித்தியாலத்துக்குள்ளும் மிதிக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். ஆண்களின் கணக்கை வகுத்தால் இங்கும் அதே 15தான் வருகிறது. 2018இல் வெளியான முடிவில், அவர்களின் தசை வயதோடு பெரிதாக மெலியவில்லை என்றும், நோய் எதிர்ப்புக் கலங்களை உண்டாக்குகிற தைமசுச் சுரப்பி இளையவர்களுடையதைப்போல் வேலை செய்தது என்றும் கண்டார்கள். ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சுகதேகியாக இருந்தவர்களைத்தான் அவர்கள் தெரிந்தெடுத்தார்கள், புகைபிடிப்பவர்களைச் சேர்க்கவில்லை. எனவே சைக்கிள் எல்லா வருத்தத்தையும் மாற்றும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வயதினால் வருகிறது என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு சும்மா இருப்பதினால் வருகிறது என்று சொல்லலாம்.

"அவையள் சின்ன வயசில இருந்து விடாம ஓடினவை. நான் இடையில விட்டனான்," என்றார் அண்ணை.

அதற்கு றொபேர் மர்ஷாந்தின் கதையைச் சொன்னேன். பிரான்ஸ்காரர், 1911இல் பிறந்தவர். வாலிப வயதில் சைக்கிள் ஓடி, பிறகு விட்டுவிட்டார். அறுபத்தைந்தைக் கடந்த பிறகே திரும்ப ஏறினார். 2012இல், 100 வயதில், ஒரு மணித்தியாலத்தில் 24 கிலோமீற்றருக்கு மேல் ஓடினார். 2014இல், 102 வயதில், அதையும் தாண்டி 26.927 கிலோமீற்றர் ஓடினார். இடைப்பட்ட காலத்தில் உடற்றொழிலியல் பேராசிரியை வெரோனிக் பில்லா அவருக்கு ஒரு பயிற்சி வகுத்துக் கொடுத்து அளந்துபார்த்தார். 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையில் அவர் உடம்பு பயன்படுத்தக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவு 13 சதவீதம் கூடியிருந்தது. வருஷத்துக்கு ஏறக்குறைய 5000 கிலோமீற்றர் மிதித்தார். அதில் ஐந்தில் நான்கு பங்கு இலேசான வேகம், ஒரு பங்கு மட்டுமே கொஞ்சம் இறுக்கி. 2017இல், 105 வயதில், 22.547 கிலோமீற்றர் ஓடினார். 109 வயதில், 2021இல் காலமானார். எல்லாருக்கும் அந்த ஆயுள் வாய்க்காது. ஆனால் விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவதற்கு 67 பிந்திய வயதல்ல என்பதற்கு அவர் சாட்சி.

அடுத்தது கிளினிக் கொப்பி. அண்ணைக்குப் பிரஷரும் உண்டு, சீனி வருத்தமும் உண்டு. இந்த வயதில் நம்மில் பலருக்கும் அப்படித்தான். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது "சைக்கிளில தூரம் போகப்போறன்" என்று டொக்டரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். சும்மா உடற்பயிற்சி என்று சொன்னால் போதாது. எத்தனை மணித்தியாலம், எந்த வெயிலில் என்று சொல்ல வேண்டும். மிதிக்கும்போது தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்தெடுக்கும். இன்சுலின் போடுபவருக்கும், கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவருக்கும் சீனி மட்டுமீறி இறங்கக்கூடும்: கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், தலை சுற்றும். சட்டைப்பையில் நாலு ரொபி எப்போதும் இருக்க வேண்டும். அட்டெனோலோல் போன்ற பிரஷர்க் குளிசை நாடித்துடிப்பைத் தணித்தே வைத்திருக்கும். அவர்களுக்கு நாடி பிடித்துக் களைப்பை அளப்பது சரிவராது, பேசிப் பார்ப்பதே அளவு. நீர் போகிற குளிசை எடுப்பவர் வெயிலில் மற்றவரைவிடக் கெதியாக வற்றிப்போவார். இவற்றில் எதையும் தன்பாட்டில் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. நேரத்தையும் அளவையும் மாற்றுவது டொக்டரின் வேலை. கேட்பது நம் வேலை.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற நோ, காரணமில்லாத மூச்சிரைப்பு, மயக்கம்: இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே இறங்கி உட்கார வேண்டும். அடுத்த சந்திவரை போய்ப்பார்ப்போம் என்று நினைக்கவே கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கம் நமக்குப் பாடமாக இருக்க வேண்டும். நம்மோடு வருபவருக்கும் பாடமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தேத்தண்ணி வருவதற்குள் அண்ணையின் சைக்கிளைப் பார்க்க வெளியே வந்தோம். வேம்படியில் சாத்தியிருந்தது. நம் ஊரில் சைக்கிள்காரரின் முழங்கால் நோவுக்கு ஒரு பெரிய காரணம் சீற்றில்தான் இருக்கிறது. நிற்கும்போது இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும் என்று சீற்றைத் தாழ்த்தி வைக்கிறோம். மிதிக்கும்போது முழங்கால் நெஞ்சுக்கு வந்து மடிகிறது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்காற் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. மணித்தியாலத்துக்கு நாலாயிரம் தடவை அப்படி அழுந்தினால் எந்த மூட்டுத் தாங்கும்?

சரிபார்க்கிற முறை சுலபம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் நேராக உட்கார வேண்டும். ஒரு மிதியை ஆகக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிக்காலை வைக்க வேண்டும். கால் நேராக நீள வேண்டும்; இடுப்பு ஒருபக்கம் சரியக் கூடாது. பிறகு மிதிக்கிற முறையில் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். அந்த உயரம்தான் சரி. அண்ணை உட்கார்ந்து குதிக்காலை வைத்தார். முழங்கால் நன்றாக மடிந்து நின்றது. மூன்று விரற்கடை உயர்த்த வேண்டியிருந்தது.

உயர்த்தினால் நிற்கும்போது நுனிக்கால்தான் நிலத்தில் படும். அதற்குப் பயப்பட வேண்டாம். நிற்பாட்டும்போது சீற்றிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டும். வயதானவர்கள் பலர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பின்னால் காலைச் சுழற்றிப் போடுவது கஷ்டமானால் நடுச்சட்டம் தாழ்ந்த, பெண்கள் ஓடுகிற சைக்கிளை எடுக்கலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் கிராமங்களில் பிரசவம் பார்க்கப் போன மருத்துவமாதுகள் அந்தச் சைக்கிளில்தான் எத்தனையோ கட்டை தூரம் போய்வந்தார்கள். இன்று ஓய்வில் இருக்கிற அவர்களும் ரீச்சர்மாரும் இந்தப் பத்தியைத் தங்களுக்காகவும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மெத்தை வைத்த அகலச் சீற் முதல் ஐந்து கட்டைக்குச் சுகமாக இருக்கும். பிறகு உராயத் தொடங்கும். உட்காரும் இரு எலும்புகளையும் தாங்குகிற அளவு அகலமும் கொஞ்சம் இறுக்கமும் உள்ளதுதான் தூரத்துக்கு உகந்தது. கால்மணிக்கு ஒருமுறை மிதியில் எழுந்து நின்று இரத்தம் ஓட விட வேண்டும். கை விறைக்காமல் இருக்க ஹாண்டிலில் பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும்; முழங்கை மடிந்து தளர்வாக இருக்கட்டும். கழுத்து முன்போல் திரும்பாது என்பதால் வலப்பக்கம் ஒரு சிறு கண்ணாடி பூட்டினால் பின்னால் வருகிற பஸ் தெரியும். பின்னுக்குச் சிவப்பு லைற், தலைக்கு ஹெல்மெட், ஒரு மாற்று ரியூப், பம்ப், ஒட்டும் சொலூசனும். கியர் உள்ள சைக்கிளானால் இலேசான கியரில் கால் கெதியாகச் சுழல விட வேண்டும். பாரமான கியரில் அழுத்தி மிதிப்பது இளந்தாரிகளின் முழங்காலுக்கே நல்லதல்ல.

சாப்பாட்டு விஷயத்தில் நூறு வருஷத்துக்கு முந்திய பிரெஞ்சுக்காரர் ஒருவர் சொல்லிவைத்தது இன்றும் பிழைக்கவில்லை. போல் டி விவி என்று பெயர்; வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். சைக்கிளுக்குப் பல கியர் வேண்டும் என்று வாதாடியவர், மரக்கறிக்காரர், 1930இல் மறைந்தவர். பசிப்பதற்கு முன் உண், தாகிப்பதற்கு முன் குடி, முதல் சில மணித்தியாலத்தில் பலத்தைக் காட்டாதே, வீம்புக்காக மிதிக்காதே என்பது அவர் நெறிகளின் சாரம். தாகத்தைப் பற்றி அவர் சொன்னது முதியவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். வயதாக ஆகத் தாக உணர்ச்சி மழுங்கும்; உடம்பு வற்றிய பிறகும் தொண்டை சொல்லாது. ஆகவே மணிக்கூட்டைப் பார்த்துக் குடிக்க வேண்டும். கால்மணிக்கு நாலைந்து மிடறு. மணித்தியாலத்துக்கு அரை முதல் முக்கால் லீற்றர், வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம். வெறும் தண்ணீரையே குடம்குடமாகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். ஒரு போத்தலில் தண்ணீர், மற்றதில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் அல்லது ஜீவனி. பிரஷர்க்காரரும் இருதய வருத்தக்காரரும் உப்பின் அளவை டொக்டரிடம் கேட்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டுப் பொட்டலம் எதுவும் தேவையில்லை. புறப்படும்முன் இரண்டு இடியப்பம் சொதியோடு, அல்லது ஒரு கோப்பை கஞ்சி. பிறகு முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு கதலிப்பழம், ஓர் எள்ளுருண்டை, ஒரு கை கச்சான். வழியில் செவ்விளநீர். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போகிறவர்களுக்குச் சட்டித் தயிரைக் கண்டால் ஆசை வரும். அதைப் போய்ச் சேர்ந்த பிறகு ஆறுதலாக உண்ணலாம். பாதிவழியில் வயிற்றைப் பாரமாக்கக் கூடாது.

காற்றையும் மாதத்தையும் பற்றி இந்தக் கடலோரத்தில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. மீனவர்களின் காற்றுக் கணக்கே சைக்கிளுக்கும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். வாடை அடிக்கும், றோட்டில் வெள்ளம் நிற்கும். வைகாசியிலிருந்து ஆவணிவரை கச்சான் காற்று. அந்தக் காற்று சூடும் வறட்சியும் கொண்டது. வியர்வையை உடனேயே காயவைத்துவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டவர்தான் மயங்கி விழுவார். மாசி தொடங்கிச் சித்திரைவரை காற்று அடங்கியிருக்கிற மாதங்கள்; புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே நல்ல காலம். எந்த மாதமானாலும் வெள்ளாப்போடு புறப்பட்டு, பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

வழியை எப்படி ஏறுபடியாக்குவது? வடக்கு றோட்டு ஏறக்குறைய சமதரை, அங்கே தொடங்கலாம். முதல் இரண்டு கிழமை உப்புவெளியில் உலகப்போர்க் கல்லறைத்தோட்டம் வரை. சுமார் 6 கிலோமீற்றர், போய்வர 12. கிழமைக்கு மூன்று நாள். அடுத்த இரண்டு கிழமை நிலாவெளி, போய்வர 30. பிறகு இறக்கக்கண்டிப் பாலம் கடந்து கும்புறுப்பிட்டி. அதன்பிறகு குச்சவெளி, அது 34 கிலோமீற்றர் அளவில், போய்வர ஏறக்குறைய 70. கிழமைக்கு ஒரு நாள்தான் தூரம், மற்ற இரண்டு நாள் சிறு ஓட்டம். தூரத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் இப்படிப் படிப்படியாகப் போனால் மூட்டும் நரம்பும் கூடவே பழகிவரும். இடையிடையே ஒரு கிழமை தூரத்தைக் குறைத்து ஆறவிட வேண்டும். உடம்பு பலப்படுவது மிதிக்கும்போதல்ல, மிதித்த பிறகு ஓய்ந்திருக்கும்போது. வயதானால் அந்த ஓய்வு கூடுதலாக வேண்டும். குச்சவெளிக்குப் போய்வந்து மறுநாள் வழமைபோல் எழும்பி முற்றம் கூட்ட முடிந்தால் வெருகலுக்கு ஆயத்தம்.

கந்தளாய், ஹபரணைப் பக்கம் போகிற றோட்டையும் அனுராதபுர றோட்டையும் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் காட்டோரங்களில் யானைகள் றோட்டைக் கடக்கும், அதிலும் விடியலிலும் பொழுதுபடும் வேளையிலும். நமக்குக் குளிர்ச்சியான நேரம் அவற்றுக்கும் உலாவும் நேரம். சைக்கிள் சத்தமில்லாமல் போவதால் யானை நம்மைக் கண்டு திடுக்கிடும். ஆகவே அந்த வழி தனியாகப் போகிற முதியவருக்கு உகந்ததல்ல. வடக்கிலும் தெற்கிலும் கடலோர றோட்டுகளில் கவனிக்க வேண்டியவை இருட்டில் தாரின் சூட்டுக்குப் படுத்திருக்கிற மாடுகளும் நாய்களும்.

"கிண்ணியாவில பாதைக்குக் காத்துநிண்ட காலத்தில ஒரு கடிதக்கட்டைக் கொண்டுபோக அரைநாள் போகும்," என்று அண்ணை நினைவுகூர்ந்தார். அந்தப் படகுப்பாதை இருந்த இடத்தில் 2009இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. அப்போது நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். சைக்கிளில் கடக்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் பாலத்தின்மேல் கடற்காற்று பக்கவாட்டில் அறையும். அந்த இடத்தில் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் தள்ளாடும். தளர்வாகப் பிடித்து, ஓரத்தோடு, மெதுவாகப் போக வேண்டும். அதற்கும் பயமென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம். நெடுந்தூரத்தில் தள்ளிக்கொண்டு நடப்பதும் பயணத்தின் ஒரு பகுதி.

நடப்பதைப் பற்றி இன்னொன்றும் சொன்னேன். சைக்கிள் நெஞ்சுக்கும் தொடைக்கும் நல்லது. எலும்புக்கு அது போதாது. உடம்பின் பாரத்தைச் சீற் தாங்குவதால் எலும்புக்கு உழைப்பில்லை. ஆகவே மிதிக்காத நாட்களில் கடற்கரையில் நடக்க வேண்டும். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும். விழுந்தால் எலும்பு முறியாமல் இருப்பதற்கும், விழாமல் இருப்பதற்கும் அதுவே காவல்.

கடைசியில் அண்ணை ஒரு சந்தேகம் கேட்டார். "வெருகலுக்குப் போனால் அண்டைக்கே திரும்பவேணுமே?"

யார் அப்படிச் சொன்னது? வருஷாவருஷம் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் ஊருக்குள்ளால்தான் போகிறார்கள். வெருகலும் அவர்கள் தங்கிப்போகிற இடம். கிழமைக்கணக்கில் நடக்கிற அந்தக் கூட்டத்தில் நரைத்த தலைகள் எத்தனை என்று நாங்கள் வாசலில் நின்று மோர் கொடுத்துப் பார்த்தவர்கள். அவர்கள் எவரோடும் போட்டிபோடுவதில்லை. விடிய நடக்கிறார்கள், வெயில் ஏற ஒதுங்குகிறார்கள், கோயில் மண்டபத்தில் படுக்கிறார்கள், மறுநாள் எழும்பித் தொடர்கிறார்கள். முதியவர்கள் நெடுந்தூரம் போகிற முறையை அவர்களிடமே படிக்கலாம். அண்ணையும் காலை 5 மணிக்குப் புறப்பட்டால் நாலு மணித்தியாலம் மிதிப்பு, ஒரு மணித்தியாலம் ஆறுதல். பத்து மணிக்குக் கோயிலடி. அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் விடிய அதே வேகத்தில் திரும்பலாம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரத் தம்பியிடம் ஒரு ஸ்பானர் வாங்கிக்கொண்டு வெளியே போனார். துருப்பிடித்த நட் இலேசில் அசையவில்லை. நான் சீற்றைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினார். மூன்று விரற்கடை உயர்த்தி இறுக்கினார். வேம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து குதிக்காலைக் கீழ் மிதியில் வைத்தார். கால் நேராக நீண்டது.

"இவ்வளவு உயரத்தில நான் ஒருநாளும் இருந்ததில்லை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிய 5 மணிக்கு, இதே வேம்படியில் சந்திக்கிறோம். கல்லறைத்தோட்டம்வரை 6 கிலோமீற்றர், பேசிக்கொண்டே.